பந்து காலில் ஒட்டக் கூடாது

போன ஞாயிற்றுக்கிழமை அக்கா வீட்டில் மதியச் சாப்பாடு முடிந்ததும் அவள் மகன் ஃபுட்பால் வீடியோ கேம் கன்ட்ரோலரை என் கையில் வைத்து, "மாமா, ஒரே ஒரு மேட்ச்" என்றான். பத்தாம் வகுப்புப் படிக்கிறான், நாலரைக்கு டியூஷன், அதற்குள் ஒரு மேட்ச். பாதிக்கு ஆறு நிமிடம். 5-4, அவன் ஜெயித்தான். பன்னிரண்டு நிமிடத்தில் ஒன்பது கோல். அவன் அடித்த ஐந்தில் நான்கு ஒரே அச்சு: விங்கரைக் கோட்டோரமாக ஓடவிட்டு, கோல் கம்பத்தை நெருங்கியதும் பின்பக்கமாக ஒரு சின்ன பாஸ், நடுவில் நிற்பவன் காலை வைத்தால் கோல். முடிந்ததும் திரையைக் காட்டி, "செம ரியலா இருக்குல்ல மாமா?" என்றான்.

திரையில் அப்போது தோற்ற அணியின் டிஃபெண்டர் இடுப்பில் கைவைத்துத் தலைகுனிந்து நடந்துகொண்டிருந்தான், கழுத்தில் வியர்வை, சட்டையில் புல் கறை. நிஜம் மாதிரியேதான் இருந்தது. இருந்தும் "ஆமாம்டா" என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. டியூஷனுக்கு நேரமாகிவிட்டது என்று அவன் ஓடிவிட்டான். அவனுக்குச் சொல்ல நினைத்ததைத்தான் இங்கே எழுதுகிறேன், கொஞ்சம் நீளமாகவே.

நான் யார் என்று முதலில் சொல்லிவிடுகிறேன். பெங்களூரு ஆஸ்டின் டவுனில் பிறந்து வளர்ந்தவன். இந்தப் பக்கம் தெரியாதவர்களுக்கு: அல்சூரை ஒட்டிய கௌதம்புராவில் தெருவில் பெலேவுக்குச் சிலையே வைத்திருக்கிறார்கள். ஆஸ்டின் டவுன், மர்ஃபி டவுன், கௌதம்புரா எல்லாம் தமிழ்க் குடும்பங்கள் நிறைந்த, கிரிக்கெட்டுக்கு முன்பே ஃபுட்பால் கற்றுக்கொள்கிற இடங்கள். நானும் 27 வயதில் முட்டி போகும்வரை சி டிவிஷன் அணி ஒன்றில் லெஃப்ட் பேக், அதாவது இடது ஓரத் தடுப்பாட்டக்காரனாக ஆடினேன். அதே காலத்தில்தான் வீட்டுக்குப் பக்கத்தில் மணிக்கு இருபது ரூபாய் வாங்கிக்கொண்டு பிளேஸ்டேஷன் 2 ஆடவிடும் கடை ஒன்று வந்தது. சாயங்காலம் கிரவுண்டு, இருட்டியதும் அந்தக் கடை. ஆக, நிஜ ஆட்டத்தையும் திரை ஆட்டத்தையும் ஒரே வயதில், ஒரே காலோடு கற்றுக்கொண்டவன். இரண்டின் மேலும் எனக்கு உயிர்.

முதலில் நல்லதைச் சொல்கிறேன், ஏனென்றால் அது நிறையவே இருக்கிறது. 1993-இல் இஏ என்ற வீடியோ கேம் நிறுவனம் வெளியிட்ட முதல் ஃபிஃபா ஆட்டத்தில் மைதானத்தைச் சாய்வாக, மூலையிலிருந்து பார்ப்பதுபோல் காட்டினார்கள், ஆட்கள் எறும்பு அளவுக்கு இருந்தார்கள். அங்கிருந்து கிளம்பி, ஃபிஃபா 22-க்காக 22 தொழில்முறை வீரர்களுக்கும் உணரிகள் பதித்த உடையைப் போட்டு முழு மேட்ச் ஆடவைத்து, அந்த அசைவுகளைப் பதிவு செய்யும் அளவுக்கு வந்தார்கள். ஃபிஃபா என்ற பெயர் எஃப்சி என்று மாறிய பிறகு வந்த எஃப்சி 24-இல் இன்னும் ஒரு படி மேலே போய் 180-க்கும் மேற்பட்ட நிஜ மேட்சுகளிலிருந்து அசைவுகளை எடுத்தார்கள். பலன் கண்ணுக்குத் தெரிகிறது. பந்து வருவதற்கு முன் தோளுக்கு மேலே ஒருமுறை திரும்பிப் பார்ப்பது, ஓடி வந்தவன் நிற்கும்போது மூன்று சின்ன எட்டு வைத்து வேகத்தைக் குறைப்பது, ஷாட் போனதும் மறு காலில் நொண்டுவதுபோல் ஒரு துள்ளல், இதெல்லாம் கிரவுண்டில் நின்றவனுக்குத்தான் முழுசாகப் புரியும். ரீப்ளேயை மெதுவாக ஓட்டி இப்படிப் பார்த்துக்கொண்டே நான் அரை மணி நேரம் போக்கியிருக்கிறேன்.

அப்புறம் அறிவு. எங்களுக்குக் கோச் மாஸ்டர் குச்சியால் செம்மண்ணில் கோடு போட்டு 4-4-2 அணிவகுப்பைச் சொல்லிக் கொடுத்தார், மழை வந்தால் பாடமும் அழிந்துவிடும். அக்கா மகன் எந்த அணியிலும் சேர்ந்ததில்லை, ஆனால் ஓரத் தடுப்பாட்டக்காரனான ஃபுல்பேக் உள்பக்கம் வந்து நடுக்கள வீரனாக நின்றால் என்ன லாபம், எதிரணித் தடுப்பாட்டக்காரர்கள் நடு மைதானம்வரை முன்னேறி வரிசையாக நின்றால் பின்னால் எவ்வளவு காலியிடம், எல்லாம் தெரியும். டிவியில் மேட்ச் பார்க்கும்போது என்னைவிட முன்னால் சொல்கிறான். 700-க்கும் மேற்பட்ட அணிகளும் 19,000-க்கும் மேற்பட்ட வீரர்களும் உள்ள ஆட்டம் ஒரு பையனுக்கு இவ்வளவு சொல்லிக் கொடுத்திருக்கிறது என்றால் அதை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன்.

ஆனால் பந்து விஷயத்துக்கு வருவோம்.

லெஃப்ட் பேக்குக்கு ஒரு மேட்சில் பத்துப் பதினைந்து தடவை வரும் வேலை இது: எதிர்ப்பக்கத்திலிருந்து உயரமாக ஒரு பந்து, மைதானத்தையே தாண்டி உன்னிடம் வருகிறது. வெயில் கண்ணில். உனக்கும் கோட்டுக்கும் நாலடி. விங்கர் உன்னை நோக்கி ஓடி வருகிறான், அவன் மூச்சுச் சத்தம் பந்துக்கு முன்னால் வருகிறது. இங்கே எல்லாமே முதல் தொடுதல்தான். இடது காலின் உள்பக்கத்தில் எடுத்தால் பந்து முன்னால் விழும், மேலே போகலாம். உடம்பு திறந்திருக்காமல் நேராக நின்றுவிட்டால் பந்து முட்டிக்குக் கீழே பட்டு இரண்டடி தள்ளிப் போகும், அந்த இரண்டடி விங்கருடையது. ஃபுட்பாலில் கெட்டிக்காரன் யார், சுமாரானவன் யார் என்பது இந்த அரை நொடியில் தெரிந்துவிடும்.

இப்போதைய ஆட்டங்களில் பெரும்பாலும் அந்த அரை நொடியே கிடையாது. நாற்பது மீட்டர் தூரத்திலிருந்து வந்த பந்து, முழு வேகத்தில் ஓடும் ஒருவனுடைய பாதத்தில் பசை தடவியதுபோல் நின்றுவிடும். மூன்றாம் டிவிஷனில் நடுவில் தடுத்தாடும் சென்டர் பேக்குக்கும் அதே கதி, உலகக் கோப்பை வீரனுக்கும் அதே கதி, ஒரு கோடு இப்படி அப்படி. ஆடுகிறவன் எரிச்சல்படக் கூடாது, பட்டனை அழுத்தினால் நினைத்தது நடக்க வேண்டும் என்று செய்திருக்கிறார்கள். அங்கேதான் நிஜம் கையைவிட்டுப் போகிறது. என் கணக்கு இதுதான்: ஆடுகிறவனைச் சந்தோஷப்படுத்த நினைத்த ஒவ்வொரு இடத்திலும் இந்த ஆட்டங்கள் பொய்யாகின்றன, அவனை விட்டுவிட்டுப் பந்தைப் பற்றி யோசித்த ஒவ்வொரு இடத்திலும் உண்மையாகின்றன.

பந்தைப் பற்றி யோசித்தவர்கள் இஏ-வுக்குப் போட்டியாக இருந்த ஜப்பான் நிறுவனமான கொனாமிக்காரர்கள். அவர்கள் ஆட்டத்துக்கு ஜப்பானில் வின்னிங் லெவன் என்று பெயர், மற்ற ஊர்களில் பெஸ் (ப்ரோ எவல்யூஷன் சாக்கர்). உரிமம் வாங்காததால் பல அணிகளுக்கு நிஜப் பெயரே இருக்காது, மான்செஸ்டர் யுனைடெட் 'மேன் ரெட்' என்று வரும், பெஸ் 2017-இல் ரியல் மாட்ரிட் 'எம்டி வைட்'. ஒரு அணியைச் சீசன் சீசனாக நடத்தும் 'மாஸ்டர் லீக்' பகுதியில் முதலில் கையில் தரப்படும் அணியில் கஸ்டோலோ, மினாண்டா என்று உலகத்தில் எங்குமே இல்லாத ஆட்கள். அந்தக் கடையில் நாங்கள் மினாண்டாவை நிஜ வீரன் மாதிரி நேசித்தோம். (பின்னால் ஃபிஃபா 20-இல் யுவென்டஸ் உரிமம் கொனாமியிடம் போய்விட்டதால் அந்த அணி 'பியமோன்டே கால்ச்சோ' ஆனபோது நண்பர்கள் புலம்பினார்கள், எங்களுக்கு அது பெரிய விஷயமாகவே படவில்லை.)

பெஸ் 2021 இன்னும் என் வீட்டில் இருக்கிறது. அதில் பந்து தனி ஆள். வீரனின் உடம்பு எந்தப் பக்கம் பார்க்கிறது, எந்தக் கால் முன்னால் இருக்கிறது, பந்து எவ்வளவு வேகத்தில் வருகிறது என்று எல்லாவற்றையும் சேர்த்துத்தான் தொடுதல் அமையும். வலது கால்காரனிடம் இடது பக்கம் பந்து கொடுத்தால் அவன் ஒரு எட்டு அதிகம் வைப்பான், அதற்குள் ஆள் வந்துவிடுவான். மைதானம் ஈரமா காய்ந்ததா, புல் நீளமா குட்டையா என்று நாமே வைத்துக்கொள்ளலாம், ஈரத்தில் பந்து வழுக்கி ஓடும், நீளப் புல்லில் பாஸ் பாதி வழியில் சோர்ந்து நிற்கும். ஸ்பெயின் வீரர் இனியெஸ்டாவின் யோசனைகளைக் கேட்டு பெஸ் 2020-இல் ஒரு டிரிபிளிங் முறையை, அதாவது பந்தைக் காலோடு கொண்டுபோகும் முறையைக் கொண்டுவந்தார்கள், அதிலும் காட்டுவது வேகத்தை அல்ல, பந்தை ஒரு கையகலம் நகர்த்தி எதிராளியின் எடையைத் தவறான காலில் போடும் வித்தையை. அப்படி ஒருவனைத் தாண்டிவிட்டால் கிடைக்கிற திருப்தி பத்து கோலுக்குச் சமம்.

அந்த வரிசை பெஸ் 2021-ஓடு நின்றுபோனது. 2021 செப்டம்பர் 30 அன்று இஃபுட்பால் என்று பெயர் மாற்றி இலவசமாக வெளியிட்டார்கள், பாதி வெந்த சோறு மாதிரி வந்தது, முகங்கள் கோணிப்போன படங்கள் உலகம் முழுக்கச் சுற்றின. பிறகு சரிசெய்துகொண்டே வந்தார்கள்தான். ஆனால் வீட்டுத் திரைக்கு முன் இரண்டு பேர் தோளோடு தோள் உட்கார்ந்து மாஸ்டர் லீக் பற்றிச் சண்டை போடும் அந்த ஆட்டம் திரும்பி வரவில்லை. எனக்கு அதில் உண்மையான வருத்தம் உண்டு. போட்டிக்கு ஒருவர் இருந்தவரை இரண்டு பக்கமும் நன்றாகச் செய்தார்கள்.

அடுத்த குறை தடுப்பாட்டம். இது லெஃப்ட் பேக்கின் சொந்தக் கவலை, பொறுத்துக்கொள்ளுங்கள். கிரவுண்டில் தடுப்பாட்டம் என்பது முக்கால்வாசி வாய் வேலை. அசோக் நகர் ஃபுட்பால் ஸ்டேடியத்தில் லீக் மேட்ச் நடக்கும்போது வெளியே மதிலோரமாக நின்று கேட்டுப் பாருங்கள், "பின்னாடி ஆளு!", "விடு, விடு, கீப்பர் பால்!", "உள்ள வராதே, வெளிய தள்ளு!" என்று பெரும்பாலும் தமிழில்தான் சத்தம் வரும். எங்கள் சென்டர் பேக் அண்ணன் பந்தை அதிகம் தொடவே மாட்டார். கத்திக்கொண்டே இருப்பார், நாலு பேரும் ஒரு கயிற்றில் கட்டியதுபோல் நகர்வோம். தொண்ணூறு நிமிடம் முடிந்தால் எங்களுக்குக் கால் வலிக்கும், அவருக்குத் தொண்டை கட்டியிருக்கும்.

திரையில் நான் ஒருவனை நகர்த்துகிறேன், மீதிப் பத்துப் பேரைக் கணினி நகர்த்துகிறது. எனக்கும் அவர்களுக்கும் பேச்சுவார்த்தை கிடையாது. ஒரு பட்டனை அழுத்திப் பிடித்தால் இரண்டாவது ஆள் பந்தை நோக்கி ஓடி வருவான், அவ்வளவுதான் நான் சொல்லக்கூடியது. அவன் வரும்போது விட்டுவந்த இடம் திறந்து கிடக்கும், அங்கே ஒரு பாஸ், கதை முடிந்தது. "நீ போ, நான் மூடிக்கிறேன்" என்று சொல்ல வழியில்லை. அக்கா மகன் அடித்த அந்த நான்கு ஒரே மாதிரி கோல்களையும் நிஜத்தில் ஒரு கத்தல் தடுத்திருக்கும், இரண்டாவது கோலுக்குப் பிறகு எந்த சென்டர் பேக்கும் பின்பக்கப் பாஸ் வரும் இடத்தில் நின்றுவிடுவான். திரையில் ஐந்தாவது தடவையும் எல்லோரும் கோல் கோட்டை நோக்கியே ஓடுகிறார்கள். முடி ஆடுவது வரை கணக்குப் போட்டவர்கள், ஏமாந்தவன் அடுத்த தடவை எச்சரிக்கையாவான் என்பதை இன்னும் சரியாகக் கணக்கில் எடுக்கவில்லை.

வேகமும் அப்படித்தான். ஃபிஃபா 23-இல் ஓட்டத்தை மூன்று வகையாகப் பிரித்தார்கள், அதில் 'லெங்தி' என்ற வகை, நீண்ட காலடிக்காரர்கள் மெதுவாகக் கிளம்பிப் போகப் போக வேகமெடுப்பார்கள் என்பது. யோசனை நல்ல யோசனை, நிஜத்திலும் அப்படி ஆட்கள் உண்டு. நடந்தது என்னவென்றால் மலை மாதிரி டிஃபெண்டர்கள் குட்டி விங்கர்களைத் துரத்திப் பிடித்துத் தாண்டிப் போனார்கள், உலகம் முழுக்க எல்லோரும் அந்த வகை ஆட்களையே தேடிப் பிடித்து அணி கட்டினார்கள். ரெஃப்ரி பற்றி ஒரு வரி போதும்: நிஜ லீக் மேட்சில் இரண்டு அணிக்கும் சேர்த்து இருபது ஃபவுல் வரை சாதாரணம், கணினியோடு ஆடிப் பாருங்கள், அது உங்களை இடிப்பதே அபூர்வம்.

இப்போது அந்த ஒன்பது கோல். 2022 உலகக் கோப்பையில் 64 மேட்சில் 172 கோல், மேட்சுக்கு மூன்றுகூட இல்லை. 90 நிமிடத்தில் பந்து உண்மையில் ஓடிக்கொண்டிருப்பது ஒரு மணி நேரத்துக்கும் குறைவு, மீதி எல்லாம் த்ரோ-இன், ஃப்ரீகிக்குக்குச் சுவர் கட்டுவது, விழுந்தவன் எழுந்திருப்பது. பார்க்காதவர்களுக்கு அது வீண் நேரம். எங்களுக்கு அந்த நேரத்தில்தான் வயிறு பிசையும்.

2019 மார்ச் 17, மும்பையில் ஐஎஸ்எல் (இந்தியன் சூப்பர் லீக்) இறுதிப் போட்டி, பெங்களூரு எஃப்சியும் எஃப்சி கோவாவும். தெருமுனை டீக்கடையில் டிவி வைத்து நாங்கள் நாற்பது பேர் பார்த்தோம். தொண்ணூறு நிமிடம் கோல் இல்லை. கூடுதல் நேரமும் ஓடிக்கொண்டிருந்தது. டீக்கடைக்காரர் பால் தீர்ந்துபோய் அடுப்பை அணைத்துவிட்டார், யாரும் நகரவில்லை. 117-ஆவது நிமிடம், டிமாஸ் டெல்காடோவின் கார்னர், ராகுல் பேகே தலையால் முட்டினார், 1-0. அந்தத் தெருவில் அன்று எழுந்த சத்தத்தை நான் இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறேன். 116 நிமிடம் எதுவும் நடக்காமல் இருந்ததால்தான் அந்த ஒரு கோலுக்கு அவ்வளவு கனம். நிமிடத்துக்கு ஒரு கோல் விழும் ஆட்டத்தில் அந்தக் கனத்தை எங்கே போய்த் தேடுவது?

ஃபிஃபா 22-இல் ஐஎஸ்எல் வந்தபோது எங்கள் தெருவில் திருவிழாதான். பெங்களூரு எஃப்சியின் நீலச் சட்டை, சுனில் சேத்ரியின் பெயர் திரையில், முதல் மேட்ச் ஆடும்போது என் கை நடுங்கியது உண்மை. எங்கள் ஊர் கண்டீரவா ஸ்டேடியம் அதில் இல்லை, வேறு ஏதோ பொது மைதானம். கண்டீரவாவில் ஆட்டத்துக்கும் கூட்டத்துக்கும் நடுவே ஓட்டப்பந்தயத் தடம் இருக்கிறது, அதனால் வெஸ்ட் பிளாக்கிலிருந்து வரும் கோஷம் கொஞ்சம் தள்ளி, சுற்றி வந்து காதில் விழும். அந்தத் தூரம்கூட எங்களுக்குச் சொந்தம். அது இல்லாவிட்டாலும் பரவாயில்லை, நம் ஊர் பெயர் உள்ளே இருந்ததே என்று நான் இன்றும் நன்றியோடுதான் நினைக்கிறேன்.

இவ்வளவு திறமை உள்ளவர்கள் ஏன் மறுபடி மறுபடி வேகத்தின் பக்கமே சாய்கிறார்கள்? காசு போகிற பாதையைப் பாருங்கள். ஃபிஃபா ஆட்டத்துக்குள் 'அல்டிமேட் டீம்' என்ற பகுதி 2009-இல் வந்தது. பாக்கெட்டை உடைத்து வீரர் அட்டைகளை எடுக்க வேண்டும், உள்ளே யார் இருப்பார் என்பது அதிர்ஷ்டம், ஆடிச் சேர்த்த காசிலும் வாங்கலாம், சொந்தக் காசிலும் வாங்கலாம். பெல்ஜியம் 2018-இல் இதைச் சூதாட்டச் சட்டத்துக்குள் கொண்டுவந்ததால், 2019 ஜனவரியில் அங்கே பாக்கெட் வாங்குவதற்கான பாயின்ட்டுகளைக் காசுக்கு விற்பதையே நிறுத்தினார்கள். காசு கொடுத்து அட்டை வாங்கியவனுக்கு அந்த வீரன் பந்தைத் தவறவிடுவதைப் பார்க்கப் பொறுக்குமா? 0-0 முடிவு பிடிக்குமா? அவனுக்காக ஆட்டத்தை வேகப்படுத்த வேண்டும், பந்தைக் காலில் ஒட்ட வேண்டும். பிள்ளைகள் உள்ள வீட்டில் கார்டு விவரத்தைச் சேமித்து வைக்காதீர்கள் என்று மட்டும் பெற்றோருக்குச் சொல்வேன்.

2025 செப்டம்பரில் வந்த எஃப்சி 26-இல் ஆட்டத்தையே இரண்டாக்கிவிட்டார்கள். ஆன்லைன் போட்டிக்கு 'காம்பெட்டிடிவ்', 'கரியர்' பகுதி மாதிரித் தனியாக ஆடுவதற்கு 'அதென்டிக்', இதில் மெதுவான, நிஜத்துக்கு நெருக்கமான ஆட்டம். இரண்டையும் ஒரே சட்டியில் சமைக்க முடியாது என்று செய்தவர்களே ஒத்துக்கொண்ட மாதிரிதான் எனக்குப் படுகிறது. நல்லது. இருபது வருடமாக நாங்கள் மெனுவுக்குள் புகுந்து கையால் செய்துகொண்டிருந்த வேலை அது.

அந்த வேலையைத்தான் நேற்றுச் சனிக்கிழமை அக்கா மகனோடு உட்கார்ந்து செய்தேன். பாஸுக்குக் கணினி தரும் உதவியைப் பாதியாக்கும் 'செமி'க்கு மாற்றினோம். ஆட்டத்தின் அளவுகளைக் கூட்டிக் குறைக்கும் ஸ்லைடர் பக்கத்தில் எல்லாம் 50-இல் இருக்கும், ஸ்பிரின்ட் வேகத்தைக் கொஞ்சம் இறக்கி, பாஸும் முதல் தொடுதலும் தவறும் அளவுகளான பாஸ் எரரையும் ஃபர்ஸ்ட் டச் எரரையும் 60-க்கு ஏற்றினோம். பாதிக்குப் பத்து நிமிடம். முதல் கால் மணி நேரம் அவனுக்குக் கோபம். பாஸ் எல்லாம் வெளியே போகிறது, விங்கர் ஓடிப் போய்ப் பந்தை முட்டியால் தள்ளிவிடுகிறான். "மாமா, கன்ட்ரோலர் கெட்டுப்போச்சா?" என்றான். ரீப்ளே போட்டு நிறுத்திக் காட்டினேன்: பார், பந்து வரும்போது அவன் கோட்டைப் பார்த்து நிற்கிறான், நீ அவனை முதலில் மைதானத்தின் பக்கம் திருப்பி நிறுத்தணும், அப்புறம் பந்தை வாங்கு.

இரண்டாம் பாதியில் அவன் ஓடுவதை நிறுத்தினான். பின்னால் கொடுத்தான், திரும்ப வாங்கினான், பக்கவாட்டில் கொடுத்தான். 70-ஆவது நிமிடம் வாக்கில் லெஃப்ட் பேக்குக்கு ஒரு நீளமான பந்து வந்தது, கன்ட்ரோலர் குச்சியை லேசாகத் தட்டி உடம்பைத் திறந்து வாங்கினான், பந்து ஓரடி முன்னால் சரியாக விழுந்தது, என் விங்கர் காற்றை உதைத்தான். கோல் ஆகவில்லை, கிராஸ் என் கீப்பர் கையில் போய்ச் சேர்ந்தது. ஆனாலும் அவன் ஆட்டத்தை நிறுத்தி அந்தத் தொடுதலை மூன்று தடவை ரீப்ளே போட்டுப் பார்த்தான்.

0-0. அடுத்த வாரம் பாதிக்குப் பன்னிரண்டு நிமிடம் வைக்கலாமா என்று கேட்டிருக்கிறான்.